நீர் வடிந்தாலும் அது கண் உலர்வாக இருக்கலாம்

மன்னார்குடியிலிருந்து எழுதிய சகோதரிக்கு வணக்கம். குறுவை அறுவடை தொடங்கியதிலிருந்து 56 வயதான தங்கள் அம்மாவுக்குக் கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்துவதாகவும், நீர் வடிவதால் இது உலர்வாக இருக்காது என்று அக்கம்பக்கத்தார் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். அவர்கள் நினைப்பது சரியன்று. கண்ணீர்ப் படலத்தின் எண்ணெய்ப் பகுதி குறைந்து ஈரம் விரைவில் ஆவியாகும்போது, அந்த எரிச்சலால் கண் நீரைக் கொட்டுகிறது. ஆனால் அந்த நீர் நிலைத்து நிற்பதில்லை.

இது கணினி முன் அமர்பவர்களுக்கு மட்டும் வரும் நோயும் அன்று. 2017இல் வெளிவந்த பன்னாட்டு வல்லுநர் குழுவின் அறிக்கை, இடத்தையும் அளவுகோலையும் பொறுத்து 5 முதல் 50 சதவீதம் பேர் வரை பாதிக்கப்படுவதாகக் கூறுகிறது. இடைவெளி இவ்வளவு அகன்றிருப்பதற்கு, சில ஆய்வுகள் அறிகுறிகளை மட்டும் கணக்கிடுவதும் சில பரிசோதனையையும் சேர்ப்பதும் ஒரு முக்கியக் காரணம். வயது கூடக்கூட இது மிகும். பெண்களுக்கு, அதிலும் மாதவிடாய் நின்றவர்களுக்கு, அதிகம். ஒவ்வாமை மாத்திரைகளும் கண்ணின் ஈரத்தைக் குறைக்கும் என்பதால், களத்துத் தூசியில் தும்மல் வந்து அம்மா அவற்றை உண்கிறாரா என்று கேளுங்கள் (எங்கள் வீட்டில் அதுதான் காரணமாக இருந்தது). வாய் வறட்சியும் மூட்டு வலியும் உடன் இருந்தால் மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள்.

நெல்லின் மேலுள்ள நுண்ணிய முள்ளான நெற்சுணை பட்டுக் கண் சிவந்து வலித்தால் அது வேறு விஷயம். கடையில் ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்காமல், அன்றே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.