கொழும்பில் பிறந்து வளர்ந்த தமிழர்கள், இறுதிப் போட்டியில் கொழும்பு அணியே ஆடினாலும் யாழ்ப்பாண அணியை ஆதரிப்பது ஏன்?

இந்தக் கேள்வியைக் கேட்ட உங்களுக்குக் கொழும்பில் ஒரு தமிழ் நண்பர் இருக்க வேண்டும். இலங்கையின் இருபதுக்கு 20 துடுப்பாட்டத் தொடரான லங்கா பிரீமியர் லீக்கின் 2022ஆம் ஆண்டு இறுதிப் போட்டியில் அவர் கொழும்பு ஸ்டார்ஸை விட்டு யாழ்ப்பாண அணியான ஜஃப்னா கிங்ஸ் பக்கம் நின்றது உங்களை உறுத்தியிருக்க வேண்டும். நானும் அப்படி நின்றவன் என்பதால் இதற்குப் பதில் எழுதுகிறேன். நான் பிறந்ததும் படித்ததும் இப்போது வேலை பார்ப்பதும் கொழும்பில்தான், வீடு கொட்டாஞ்சேனையில். கொழும்புத் தமிழர் எல்லோருக்குமாக நான் பேசவில்லை. எங்கள் ஒழுங்கையிலேயே கொழும்பு அணிக்காகக் கைதட்டும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு, அவர்களோடு எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை.

வழக்கமாக வரும் மறுப்பு ஒன்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன். "அந்த அணியில் யாழ்ப்பாணம் எங்கே இருக்கிறது?" என்று கேட்பார்கள். கேள்வியில் உண்மை இருக்கிறது. 2020, 2021 இறுதிப் போட்டிகள் அம்பாந்தோட்டையில் நடந்தன. 2022 முதல் 2024 வரையிலான மூன்றும் கொழும்பு ஆர். பிரேமதாச மைதானத்தில், அதாவது நாங்கள் கெத்தாராம என்று சொல்லும் இடத்தில் நடந்தன. இந்த ஐந்து பருவங்களிலும் யாழ்ப்பாண மண்ணில் ஒரு போட்டிகூட நடைபெறவில்லை. ஜஃப்னா ஸ்டாலியன்ஸ் என்ற பெயரில் முதல் கிண்ணத்தை வென்ற 2020 இறுதியில் அந்த அணிக்காக அதிக ஓட்டங்கள் எடுத்தவர் பாகிஸ்தானின் சொய்ப் மலிக். 2022இல் அணித்தலைவராக இருந்த திசர பெரேராவும், எதிரே கொழும்புக்குத் தலைமை தாங்கிய அஞ்சலோ மெத்தியூஸும் கொழும்பு புனித ஜோசப் கல்லூரியின் பழைய மாணவர்கள். ஒரே பாடசாலையில் படித்த இருவர் நாணயச் சுழற்சிக்கு வந்து நின்றபோது, ஒருவர் கொழும்பாகவும் மற்றவர் யாழ்ப்பாணமாகவும் இருந்தார்.

ஆனால் இந்த வாதம் இரண்டு பக்கமும் வெட்டும். வீரர்கள் ஒப்பந்தத்தின் வழியாக அணி மாறும் ஒரு தொடரில் கொழும்பு அணி மட்டும் எப்படிக் கொழும்பாகிறது? காலி, கண்டி, தம்புள்ளை அணிகளும் அப்படியே. ஐந்து அணிகளிலும் ஊருக்கு உரியதாக எஞ்சுவது பெயர் ஒன்றுதான். அந்தப் பெயருக்காகத்தான் நான் அந்த இறுதிப் போட்டிக்குப் போனேன். என் சிறுவயதில் வானொலிச் செய்தியில் யாழ்ப்பாணம் என்ற சொல் வந்தால் அதற்குப் பின்னால் என்ன வரும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நிற்பார். அதே பெயரைத் தொடர்ந்து ஓட்டங்களும் விக்கெட்டுகளும் வாசிக்கப்படுவதைக் கேட்பது எங்களைப் போன்றவர்களுக்குச் சிறிய விடயம் அன்று. இதைக் கேட்டுச் சலித்துக்கொள்பவர்கள் இருக்கலாம். அவர்களுடைய வீட்டில் அந்தச் செய்தி வேறு விதமாகக் கேட்கப்பட்டிருக்கும்.

2022 டிசம்பர் 23, வெள்ளிக்கிழமை. நாட்டின் பொருளாதாரம் நொறுங்கிய ஆண்டு அது; எரிபொருள் இன்னும் கியூஆர் குறியீட்டுப் பங்கீட்டில்தான் கிடைத்துக்கொண்டிருந்தது, மின்வெட்டும் நீங்கவில்லை. முச்சக்கர வண்டிக்குக் கேட்ட பணத்தைக் கொடுக்க மனம் வராமல், நானும் என்னோடு வேலை செய்யும் சிங்கள நண்பர் ஒருவரும் நடந்தே மாளிகாவத்தைப் பக்கம் போனோம். அவர் மருதானைக்காரர், கொழும்பு அணியின் உறுதியான ஆதரவாளர். அவரும் உங்களுடைய கேள்வியையே வழி முழுவதும் கேட்டுக்கொண்டு வந்தார். எனக்கு அப்போது ஒழுங்கான பதில் சொல்ல வரவில்லை.

கொழும்பு முதலில் ஆடி 5 விக்கெட்டுகளுக்கு 163 ஓட்டங்கள் எடுத்தது. அந்த ஆடுகளத்தில் அது எளிதான இலக்கு அல்ல. யாழ்ப்பாணத்துக்காக அவிஷ்க பெர்னாண்டோ அரைச்சதம் அடித்தார், சதீர சமரவிக்ரம 44 ஓட்டங்கள் சேர்த்தார். அதன் பிறகும் விக்கெட்டுகள் விழுந்துகொண்டே இருந்தன. எட்டு விக்கெட்டுகள் போன நிலையில், நான்கு பந்துகள் மீதமிருக்க, யாழ்ப்பாணம் வென்றது. கடைசி ஓவர்களில் எங்கள் வரிசையில் ஒருவரும் உட்காரவில்லை.

எங்களுக்குப் பின்னால் கிராண்ட்பாஸ் பக்கத்துத் தமிழ்ப் பையன்கள் கூட்டமாக நின்றார்கள். அவர்கள் தமிழில், தொண்டை கிழியும்படி, "யாழ்ப்பாணம்! யாழ்ப்பாணம்!" என்று கத்தினார்கள். அந்தச் சத்தம் எழுந்த உடனே நான் என்னை அறியாமல் சுற்றிலும் யார் பார்க்கிறார்கள் என்று பார்த்தேன். பேருந்தில் போகும்போது தமிழில் மெதுவாகப் பேசு என்று சொல்லி வளர்த்தவர் என் அப்பா. அவர் சாவகச்சேரியிலிருந்து இளவயதில் வேலைக்காகக் கொழும்பு வந்தவர், அந்த எச்சரிக்கைக்கு அவருக்குப் போதிய காரணங்கள் இருந்தன. மைதானத்தில் எவரும் அந்தப் பையன்களைத் திரும்பிப் பார்த்து முறைக்கவில்லை. பப்பரே என்னும் மைதான இசைக்குழுவின் வாத்தியக்காரர்கள் அந்தக் கத்தலுக்கு ஏற்றபடி தாளத்தை மாற்றினார்கள். இரண்டு வரிசை தள்ளி, திசரவையும் அவிஷ்கவையும் விரும்பும் சிங்கள இளைஞர்கள் தங்கள் உச்சரிப்பில் "ஜஃப்னா" என்று சேர்ந்து கத்தினார்கள். கொழும்பின் நடுவில் அந்தப் பெயரை விளக்கம் எதுவும் சொல்லாமல் உரக்கச் சொல்ல முடிந்த ஓர் இரவு அது. நண்பருக்கு நான் சொல்ல முடியாமல் போன பதில் இதுதான்.

இதை இனவாதம் என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதே கெத்தாராமவில் 2012 உலகக் கிண்ண இருபதுக்கு 20 இறுதியில் இலங்கை அணி மேற்கிந்தியத் தீவுகளிடம் 36 ஓட்டங்களால் தோற்றபோது, எங்கள் வீட்டில் அன்று இரவு ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஊர்ப் பெயர் கொண்ட ஓர் அணியை விரும்புவதற்கும் நாட்டின் அணியை விரும்புவதற்கும் இடையில் எந்த மோதலும் இல்லை.

எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறு இடத்தில். இறுதிப் போட்டிக்கு நுழைவுச்சீட்டு வாங்கிய இணையப் பக்கத்தில் ஒரு சொல்கூடத் தமிழில் இல்லை. ஓர் அணியின் பெயரில் யாழ்ப்பாணத்தை வைத்து ஆட்களைக் கூப்பிடத் தெரிந்தவர்களுக்கு, எந்த வாயிலால் உள்ளே வர வேண்டும் என்பதைத் தமிழில் எழுதத் தெரியாமல் போவது எப்படி? என் பக்கத்தில் நின்ற வயதான ஒருவருக்கு நான்தான் சீட்டை வாசித்துக் காட்டினேன்.

அதைவிடப் பெரிய குறை, மைதானம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் வடக்கின் பெருஞ்சமர் 1904ஆம் ஆண்டு தொடங்கியது. துடுப்பாட்டம் அங்கே புதிதாகப் போய்ச் சேர்ந்த ஒன்றல்ல. அந்த மத்திய கல்லூரியில் படித்த விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் இந்தத் தொடரில் அறிமுகமானபோது, அவருடைய முதல் விக்கெட் அஞ்சலோ மெத்தியூஸ். 2024இல் ஐபிஎல்லில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத்துக்காகவும் பந்து வீசினார். அவரை வளர்த்த ஊருக்கு, அந்த ஊரின் பெயரால் ஆடும் அணியை வீட்டுப் பக்கத்தில் பார்க்கும் வாய்ப்பு இல்லை. மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கு 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி அடிக்கல் நாட்டினார்கள். கட்டி முடித்து அங்கே ஒரு போட்டி நடந்தால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவேன்.

2024 இறுதிக்கு வருகிறேன். அந்த முறை கொழும்பு இறுதிக்கு வரவில்லை. ஜஃப்னா கிங்ஸும் காலி மார்வெல்ஸும் மோதின. காலி 184 ஓட்டங்கள் எடுத்தது. யாழ்ப்பாண அணியில் பத்தும் நிஸ்ஸங்க ஓட்டம் எதுவும் எடுக்காமல் வெளியேறிய பின்னர், ரைலி ரூசோ ஆட்டமிழக்காமல் 106, குசல் மெண்டிஸ் ஆட்டமிழக்காமல் 72 என்று ஆடி, 15.4 ஓவர்களில் முடித்துவிட்டார்கள். நான்காவது கிண்ணம் அது. என்னோடு வந்திருந்த அதே மருதானை நண்பர் அன்று முதல் பந்திலிருந்தே யாழ்ப்பாணத்தின் பக்கம் நின்றார், மெண்டிஸ் அடித்த ஒவ்வொரு நான்குக்கும் எழுந்து ஆடினார். கொழும்பில் பிறந்து வளர்ந்த நீங்கள் ஏன் யாழ்ப்பாண அணியை ஆதரிக்கிறீர்கள் என்று அவரிடம் மைதானத்திலோ, மறுநாள் அலுவலகத்திலோ ஒருவரும் கேட்கவில்லை.