ழ-வின் காலை வெட்டலாமா?

அன்புள்ள அக்கா,

நான் கிராஃபிக் டிசைனர். எங்கள் பேராசிரியர், நல்ல டிசைனுக்கு நாடும் கிடையாது, அரசியலும் கிடையாது, பயன்பாடு மட்டும்தான் என்பார். நீங்களோ எதை எடுத்தாலும் வரலாற்றில் கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள். வேலை செய்கிறவனுக்கு அதெல்லாம் எதற்கு? ஏஐ வந்தபின் என் பிழைப்பு நிலைக்குமா? தமிழுக்கு நல்ல எழுத்துரு எது? போன வாரம் ஒரு லோகோ செய்தேன். ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் தமிழ் அடங்கவே மாட்டேன் என்கிறது. ழ-வின் காலை வெட்டி, 'நீ'யின் தலையில் வரும் மேல்விலங்குச் சுழியை நசுக்கி ஒருவழியாக உட்கார வைத்தேன். வாடிக்கையாளருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

க.

அன்புள்ள தம்பி,

ஏஐ கேள்வியை விடுங்கள். அதற்குப் பதில் சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. உங்கள் பேராசிரியருக்கும் நீண்ட பதில் தேவையில்லை. ஜெர்மனியில் 1933இல் நாஜிகளின் நெருக்கடியால் பௌஹௌஸ் என்ற டிசைன் பள்ளி மூடப்பட்டது. அதே ஆட்சி, ஜெர்மானியப் பெருமை என்று கொண்டாடிய ஃப்ராக்டூர் என்ற பழைய பாணி அச்செழுத்தை 1941 ஜனவரியில் 'யூத எழுத்து' என்று முத்திரை குத்தி ஒதுக்கியது. டிசைனுக்கு அரசியல் கிடையாது என்று அவர் எந்த நாட்டைப் பார்த்துச் சொல்கிறார் என்று தெரியவில்லை.

என்னை உட்கார்ந்து எழுத வைத்தது நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த லோகோ வரிதான். காலை வெட்டினேன், சுழியை நசுக்கினேன். கொஞ்சம்கூட உறுத்தலில்லாமல் எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை.

எழுத்தை மாற்றவே கூடாது என்று சொல்கிற ஆள் இல்லை நான். ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று விட்டுவிட்டார்கள். குறிலைக் காட்டிய புள்ளி போனதும் எகரமா ஏகாரமா என்று தெரியாத குழப்பம் வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொம்பைச் சுழித்து அதைத் தீர்த்தார் என்பார்கள். இன்று நாம் போடும் இரட்டைக் கொம்பு அப்படி வந்தது. பெரியார் 1935இல் 'குடிஅரசு' இதழில் சீர்திருத்த எழுத்தைப் புழக்கத்தில் விட்டார். அச்சுக்கோக்கவும் தட்டச்சு செய்யவும் குழந்தைகள் படிக்கவும் எளிதாக வேண்டும் என்பது அவர் வாதம். 1978 அக்டோபரில், எம்.ஜி.ஆர். ஆட்சியில் அரசாணை வந்தது. ணா, றா, னா, ணை, லை என்று பதின்மூன்று எழுத்துகள் இன்றைய வடிவத்துக்கு மாறின. ஐ, ஔ இரண்டையும் அய், அவ் ஆக்கலாம் என்று பெரியார் சொன்னதை அரசு ஏற்கவில்லை. அதாவது ஒவ்வொன்றாகப் பார்த்து, இது சரி, இது வேண்டாம் என்று யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள்.

அந்த மாற்றத்தை நான் கையால் தொட்டிருக்கிறேன். பெரியப்பா காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் அச்சகம் வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கே போய், அடித்து முடித்த ஈய எழுத்துகளைப் பிரித்து கேஸில், அதாவது அறை அறையாக இருக்கும் எழுத்துப் பெட்டியில் போடுவேன். மேலே தும்பிக்கை வளைந்த பழைய லை ஒரே துண்டு. புதிய லைக்கு முதலில் சங்கிலிக் கொம்பு, அப்புறம் ல, இரண்டு துண்டு. கேஸில் ஓர் அறை மிச்சம், ஆனால் கைக்கு ஒரு வேலை கூடுதல். பெரியப்பா அதைச் சொல்லிச் சொல்லி அலுத்துக்கொள்வார். ஆனாலும் மாறினார். பழைய துண்டுகளை உருக்கப் போடாமல் ஒரு தகர டப்பாவில் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகைக்கு வரும் பெரியவர்கள் சிலர் பழைய லைதான் வேண்டும் என்று நிற்பார்கள். அவர்களுக்கு டப்பாவைத் திறப்பார். அவர்களோடு அரைமணி நேரம் வாதாடிவிட்டுத்தான் திறப்பார்.

அந்த அரைமணி நேரம் இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வருகிறேன். 1935இலிருந்து 1978 வரை நாற்பத்துமூன்று ஆண்டுகள். எழுதினார்கள், எதிர்த்தார்கள், திட்டிக்கொண்டார்கள். கடைசியில் ஓர் அரசு கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்றது. பிடிக்காதவர்களுக்கு யாரைக் கேட்பது என்று தெரிந்திருந்தது. உங்கள் ழ-வின் கால் போனதற்கு யாரைக் கேட்பது? உங்கள் வாடிக்கையாளரையா? ஆங்கில எழுத்தின் உயரத்தை அளவாக வைத்துப் பெட்டி போட்ட மென்பொருளையா?

அந்தப் பெட்டி எங்கும் இருக்கிறது. கைபேசியில் 'நீக்கு' என்ற பொத்தானைப் பாருங்கள். வரி உயரம் போதாத செயலிகளில் சுழியின் தலை வெட்டுப்பட்டு 'நிக்கு' என்று நிற்கும். கணினிகள் எழுத்தைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் கொம்பு மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. காட்டும்போது முன்னால் கொண்டுவருவது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருளில் அடித்த ஃபிளெக்ஸ்களில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் தனியாக நிற்கிறது, சிலவற்றில் புள்ளி வட்டத்தோடு. பெரியப்பாவின் கை கொம்பை முதலில் எடுத்தது, கண் அதை முதலில் பார்க்கிறது என்பதால். தலைவர்களின் பெயரைக்கூட இப்படி உடைத்து ஆளுயரத்துக்கு மாட்டுகிறார்கள். கீழே நின்று யாரும் கேட்பதில்லை.

இதில் வரலாறு எதற்கு என்கிறீர்கள். தடிமன் மாறாத ஒரே கோடுதான் மாடர்ன் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஓலையில் எழுத்தாணி கீறியதும் கிட்டத்தட்ட அப்படி ஒரே தடிமனான கோடுதான். ழ-வின் கால் வளைந்து இறங்கியது அந்தக் கோட்டில்தான். இது தெரிந்திருந்தால் மாடர்னாக வேண்டும் என்பதற்காக நீங்கள் காலை வெட்டியிருக்க வேண்டியதில்லை. தெரியாமல் செய்வது வேலைத்திறன் ஆகாது, தம்பி. உங்களுக்குக் கண் இருக்கிறது. அடங்க மாட்டேன் என்கிறது என்று பார்த்தீர்களே, அது சரியான பார்வை. அதற்கு நீங்கள் கண்ட வைத்தியம்தான் தப்பு.

எழுத்துரு கேட்டிருந்தீர்கள். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த 'கேட்டமரான்' எழுத்துருவில் தொடங்குங்கள், இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அந்த லோகோவை இன்னொரு முறை செய்யுங்கள். முதலில் தமிழை எழுதி, ழ எவ்வளவு இறங்குகிறது, சுழி எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து பெட்டியை வரையுங்கள். ஆங்கிலத்தை அப்புறம் அதற்குள் வையுங்கள். வாடிக்கையாளர் மறுத்தால் அரைமணி நேரம் வாதாடுங்கள். இரண்டு வடிவத்தையும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா