எஸ்டோனியாவில் தாலின், தார்த்து தவிர வேறு எந்த ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம்?

யார் கேட்டாலும் நான் சொல்வது செட்டோமா ஊராட்சியைத்தான். நாட்டின் தென்கிழக்கு மூலையில், ரஷ்ய எல்லையை ஒட்டி இருக்கிறது. சுமார் 460 சதுர கிலோமீட்டர் பரப்பு, மக்கள் மூவாயிரத்துச் சொச்சம். தலைமையிடம் வார்ஸ்கா, அந்தப் பெயரில் வரும் மினரல் வாட்டர் நாடு முழுக்கப் பிரபலம். வடக்கே ப்ஸ்கோவ் ஏரிக்கரை, மணல் பூமி, பைன் காடு. தெற்கே போகப் போகக் குன்றுகள். எஸ்டோனிய ஆறுகளிலேயே அதிக உயரம் இறங்கி வரும் பியூசா ஆறு இந்தப் பக்கமாக வந்துதான் ஏரியில் கலக்கிறது.

இங்கே வாழும் செட்டோ மக்களின் பேச்சு எஸ்டோனியத்துக்கு நெருக்கமானது. ஆனால் மற்ற எஸ்டோனியர்கள் லூதரன் சபையினராக ஆனபோது இவர்கள் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் மதத்தில் நின்றார்கள். ஆகஸ்ட் 19 அன்று ஓபினிட்சா கல்லறைத் தோட்டத்துக்குப் போனால் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். குடும்பம் குடும்பமாக வந்து, கல்லறை மேலேயே துணி விரித்து, சாப்பாடு பரப்பி, இறந்தவர்களோடு சேர்ந்து உண்கிறார்கள்.

இவர்களுக்குச் சந்தை, கோயில், உறவு எல்லாமே பெட்செரி என்ற ஊரில்தான் இருந்தது. 15ஆம் நூற்றாண்டிலேயே எழுந்த பெரிய மடாலயம் அங்கே இருக்கிறது. ரஷ்யாவோடு செய்த 1920 தார்த்து உடன்படிக்கையில் அந்த ஊர் எஸ்டோனியாவுக்கு வந்தது. 1944இல் சோவியத் அரசு பெட்செரியையும் சுற்றுப்புறத்தையும் ரஷ்யக் குடியரசோடு சேர்த்துவிட்டது. எஸ்டோனியாவும் ரஷ்யாவும் ஒரே சோவியத் நாட்டுக்குள் இருந்தவரை போக வர முடிந்தது. 1991இல் எஸ்டோனியா மீண்டும் சுதந்திரம் பெற்ற பிறகுதான் அந்தக் கோடு நிஜமான எல்லையானது. சொந்தப் பாட்டியின் கல்லறைக்குப் போகவும் விசா வாங்க வேண்டிய நிலை!

எஸ்டோனியா பக்கம் மிஞ்சிய பகுதியும் ஒன்றாக இல்லை. போல்வா, வோரு என்று இரண்டு மாவட்டங்களில் பிரிந்து கிடந்தது. 2017 நிர்வாகச் சீர்திருத்தத்தில் நாட்டின் 213 உள்ளாட்சிகள் 79 ஆகச் சுருங்கின. பல இடங்களில் அது வெறும் கணக்குதான். இங்கே மட்டும் சிதறிக் கிடந்த செட்டோ ஊர்கள் வோரு மாவட்டத்தில் ஒரே ஊராட்சியாகச் சேர்ந்தன. அந்தச் சீர்திருத்தத்தில் நடந்த மிக நல்ல காரியம் இதுதான் என்பேன்.

எல்லை எவ்வளவு விசித்திரமானது என்று பார்க்க, வரைபடத்தில் சாட்சே என்று தேடுங்கள். வார்ஸ்காவிலிருந்து அங்கே போகும் சாலை சுமார் ஒரு கிலோமீட்டர் ரஷ்ய மண்ணுக்குள் நுழைந்து வெளியே வருகிறது. வண்டியில் போகலாம், நடக்கக் கூடாது, நிறுத்தவும் கூடாது என்று விதி இருந்தது. பல வருடம் இப்படியே ஓடியது. 2025 அக்டோபரில் ஆயுதம் ஏந்திய ரஷ்ய வீரர்கள் சாலையில் நின்றதும் எஸ்டோனியா அதை மூடியது.

அப்புறம், இவர்களுடைய 'லேலோ' பாட்டைக் கட்டாயம் கேளுங்கள். ஒரு பெண் வரியை அங்கேயே கட்டிப் பாட, குழு அதை வாங்கித் திருப்பிப் பாடும். குழுவுக்கு மேலே ஒற்றைக் குரல் ஒன்று உச்சத்தில் தனியாக ஒலிக்கும். 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

நேரில் போவதென்றால் ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை, 'செட்டோ ராஜ்ஜிய நாள்' பார்த்துப் போங்கள். 1994இலிருந்து நடக்கிறது. இவர்களுடைய ராஜா பேக்கோ மணற்குகையில் தூங்குகிறார் என்பது நம்பிக்கை. அதனால் அவர் சார்பில் ஆளப் பிரதிநிதி ஒருவரை அன்று தேர்ந்தெடுக்கிறார்கள். வாக்குச்சீட்டு கிடையாது. வேட்பாளர்கள் மரக்கட்டை மேல் ஏறி நிற்க, பிடித்தவர் பின்னால் மக்கள் வரிசை கட்டுகிறார்கள். நீளமான வரிசை யாருக்கோ அவரே ஒரு வருடத்துக்குப் பிரதிநிதி.