புயல் கணிப்பு, தமிழ் டோக்கன், டைக்ஸ்ட்ரா: கடலூர், புதுச்சேரிக் கேள்விகளுக்குப் பதில்

தேவனாம்பட்டினம், படகு உரிமையாளர்: தம்பி, ஏஐ பத்து நாளைக்கு முன்னாடியே புயலைச் சொல்லிடுதாமே. அதை நம்பி போட்டைக் கடலுக்கு அனுப்பலாமா?

வேண்டாம் ஐயா. கடலுக்குப் போவதை முடிவு செய்ய வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கையையும் துறைமுகத்தில் ஏற்றும் கூண்டையும் மட்டும் பாருங்கள்.

கூகுள் டீப்மைண்டின் ஏஐ வானிலைக் கணிப்பு மாதிரியான கிராஃப்காஸ்ட் (2023) உலகத்தை 0.25 பாகைக் கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கிறது. நம் பக்கத்தில் ஒரு கட்டம் ஏறக்குறைய 28 கிலோமீட்டர். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே உள்ள தூரமே அதைவிடக் குறைவு. புயலின் கண்ணைச் சுற்றி மிக வேகமாகக் காற்று அடிக்கும் வளையம் ஒன்றிரண்டு கட்டத்துக்குள் அடங்கி மழுங்கிப்போகும்.

பயிற்சி முறையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பிழையின் வர்க்கச் சராசரியைக் குறைக்கும்படிதான் அதைப் பழக்கியிருக்கிறார்கள். புயல் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று உறுதியில்லாதபோது, இரண்டு இடத்திலும் மிதமான காற்றைப் போட்டால்தான் அதற்குப் பிழைக் கணக்கு குறையும். ஆகவே பாதையை நன்றாகச் சொன்னாலும், காற்றின் வேகத்தைக் குறைத்துச் சொல்லும். படகுக்கு ஆபத்தே அந்த வேகம்தானே. அடுத்து வந்த ஜென்காஸ்ட் (2024) பல சாத்தியங்களைத் தனித்தனியாகக் கணிப்பதால் மழுங்கல் குறைகிறது. கட்டத்தின் அளவு மட்டும் அதேதான்.

லாஸ்பேட்டை, இறுதியாண்டு மாணவர்: அண்ணா, 2011 தானே புயலை வச்சு கிராஃப்காஸ்டைச் சோதிச்சேன். பாதை அருமையா வந்துச்சு. புராஜெக்ட்ல போடலாமா?

போட வேண்டாம் தம்பி. கிராஃப்காஸ்ட் 1979 முதல் 2017 வரையிலான ஈஆர்ஏ5 என்ற பழைய வானிலைத் தரவுத் தொகுப்பில் பயிற்சி பெற்றது. தானே புயல் அதற்குள்ளேயே இருக்கிறது. விடையைப் பார்த்துப் படித்தவனிடம் அதே கேள்வியைக் கேட்ட மாதிரி ஆகிவிடும்.

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சலை எடுங்கள். கிராஃப்காஸ்டுக்கு ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு வானிலை நிலைகள் வேண்டும்: நவம்பர் 27 அன்று யூடிசி (உலகப் பொது நேரம்) 6 மணி, 12 மணி. அங்கிருந்து ஆறு மணி நேரப் படியாக 13 படி ஓட்டினால் 30ஆம் தேதி யூடிசி 18 மணி, அதாவது நம் நேரம் இரவு 11:30. இந்த ஐந்தரை மணி நேர வித்தியாசத்தை மறந்தால், நன்றாக வந்த கணிப்பும் பல பத்து கிலோமீட்டர் தள்ளி நிற்பதாகத் தெரியும்.

கடல்மட்ட அழுத்தம் மிகக் குறைந்த புள்ளியை மையமாக வையுங்கள். ஆனால் முந்தைய மையத்தைச் சுற்றி மட்டும் தேடுங்கள். வரைபடம் முழுக்கத் தேடினால் வேறொரு தாழ்வு நிலைக்குத் தாவிவிடும். பாதைப் பிழையையும் காற்று வேகப் பிழையையும் தனித்தனி அட்டவணையில் கொடுங்கள். சேர்த்துச் சராசரி எடுத்தால் குறை மறைந்துபோகும்.

ஒரு புயலை வைத்து முடிவு சொல்ல முடியாது. 2018 கஜா, 2020 நிவர் இரண்டையும் சேருங்கள். ஒரு எச்சரிக்கை: கிராஃப்காஸ்டின் நடைமுறைப் பதிப்பை 2016 முதல் 2021 வரையிலான தரவில் மறுபடி பழக்கியிருக்கிறார்கள். அதைப் பயன்படுத்தினால் இந்த இரண்டுமே செல்லாது.

திருப்பாதிரிப்புலியூர், ஆசிரியை: ஒரே கேள்வியைத் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தைவிட டோக்கன் அதிகம் செலவாகிறதே, ஏன்?

டோக்கன் என்பது ஏஐ உரையைப் பிரித்துப் படிக்கும் துண்டு. 'கடலூர்' நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் ஆறு குறியீடு, ஏனென்றால் லூவின் துணைக்குறியும் ர் மேல் உள்ள புள்ளியும் தனிக் குறியீடுகள். கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 18. அடிக்கடி சேர்ந்து வரும் பைட்களை ஒட்டி ஒட்டித்தான் டோக்கன் உருவாகிறது. அதற்கு எடுத்த உரையில் தமிழ் குறைவாக இருந்தால், தமிழ்ச் சொற்கள் ஒட்டாமல் துண்டு துண்டாக நிற்கும். 2024இல் ஓபன்ஏஐ ஜிபிடி-4ஓ-வுக்காக டோக்கன் பட்டியலை மாற்றியபோது, அவர்கள் காட்டிய தமிழ் மாதிரி வாசகம் 116 டோக்கனிலிருந்து 35க்கு இறங்கியது. மொழி மாறவில்லை, பட்டியல்தான் மாறியது.

பலர் கவனிக்காத ஒன்று: 'பொ'வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது. உரையை முதலில் என்எஃப்சி முறையில் (இப்படிப்பட்ட வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடு முறை) சீராக்கிவிட்டு எண்ணுங்கள். 'ஸ்ரீ'க்கு உள்ள இரண்டு வடிவங்களை என்எஃப்சி ஒன்றாக்காது, அவற்றைத் தனியாக மாற்ற வேண்டும்.

நெல்லிக்குப்பம்: 8 ஜிபி ரேம் லேப்டாப்பில் 700 கோடி அளவுரு உள்ள ஏஐ மாதிரி ஓடுமா?

16 பிட்டில் எடை (அந்த அளவுரு எண்கள்) மட்டுமே 14 ஜிபி, ஓடாது. 4 பிட்டாகச் சுருக்கினால் 3.5 ஜிபி, அளவுகோல் எண்களும் சேர்ந்தால் 4 ஜிபியை நெருங்கும். அதோடு உரையாடல் நினைவகமும் இடம் கேட்கும். லாமா 2 7பி (700 கோடி அளவுரு) அதற்கு ஒரு டோக்கனுக்கு 512 கேபி எடுக்கும். 4096 டோக்கனுக்கு 2 ஜிபி. இயங்குதளமும் பிரவுசரும் சேர்ந்தால் ரேம் நிறைந்து வட்டுக்குப் போய்விடும், ஒரு சொல்லுக்கு நொடிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மிஸ்ட்ரல் 7பி ஒரு டோக்கனுக்கு 128 கேபிதான் எடுக்கும். அதையே எடுங்கள். தமிழில் டோக்கன் வேகமாக நிறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

சிதம்பரம், மாணவி: டைக்ஸ்ட்ராவை முறியடிச்சுட்டாங்களாமே? பரீட்சையில எதை எழுதறது?

டைக்ஸ்ட்ராவையே எழுதும்மா. மிகக் குறுகிய பாதையைக் கண்டுபிடிக்கும் அந்த வழிமுறை முனைகளைத் தூர வரிசைப்படி எடுப்பதால் வரிசைப்படுத்தும் செலவு, அதாவது ஒரு மடக்கை, ஒட்டிக்கொள்கிறது. 2025இல் ரான் டுவான் குழு முழுசாக வரிசைப்படுத்தாமலே முடித்து, அடர்த்தி குறைந்த (முனைகளுக்கு இடையே இணைப்புகள் குறைவான) வரைபடங்களில் அந்த மடக்கையை அதன் 2/3 அடுக்காகக் குறைத்தது. 10 லட்சம் முனைக்கு 20 என்பது 7.4 ஆகும். கோட்பாட்டில் பெரிய வெற்றி. நிரலில் மாறிலிச் செலவு அந்த லாபத்தை விழுங்கிவிடும்.

வில்லியனூர், நெட்வொர்க் பணியாளர்: குவாண்டம் கணினியின் தாக்குதலைத் தாங்கும் குறியாக்கத்தை இயக்கியதும் சில இணைப்புகள் மட்டும் நின்றுவிடுகின்றன. என்ன காரணம்?

அளவுதான். பழைய முறையான எக்ஸ்25519இன் சாவி 32 பைட். 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் தரப்படுத்திய புதிய முறையான எம்எல்-கெம்-768இன் பொதுச்சாவி 1184 பைட். இரண்டும் சேர்ந்து 1216; இணைப்பைத் தொடங்கும் முதல் வணக்கச் செய்தியின் மற்ற பகுதிகளும் சேர்ந்தால் ஒரு பாக்கெட்டின் 1500 பைட் எல்லையைத் தாண்டி இரண்டு பாக்கெட்டாகப் பிரிந்துவிடும். முதல் பாக்கெட்டிலேயே முழுச் செய்தியும் இருக்கும் என்று நினைத்து எழுதிய பழைய ஃபயர்வால் அதை உதறிவிடுகிறது. வழியில் பாக்கெட்டைப் பிடித்துப் பாருங்கள்: இரண்டாவது துண்டு போன பிறகு பதிலே வரவில்லையென்றால் இதுதான் கோளாறு. குறியாக்கத்தை அணைக்காதீர்கள், ஃபயர்வாலின் ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள்.