கோவை விமான நிலையத்துக்குப் புது ரேடார் வாங்கினால் போதாதா, பக்கத்து நாடுகளோடு சேர்ந்து போடும் பிராந்தியத் திட்டம் எதற்கு?

பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசன வாய்க்காலில் தலைமடைக்காரர் மட்டும் மதகைப் புதுசாக்கினால் கடைமடைக்கு என்ன லாபம்? அதே கதைதான். கோவை பீளமேட்டில் கிளம்பும் சிங்கப்பூர் விமானம் சென்னைக் கட்டுப்பாட்டில் பறந்து, வங்கக்கடல் மேலே கோலாலம்பூர் கைக்கு மாறுகிறது. ஒரு பக்கம் கணினி தானாகத் தகவல் அனுப்ப, மறுபக்கம் ஒருவர் போனில் கேட்டு எழுதிக்கொண்டிருந்தால், விமானங்களுக்கு நடுவே கூடுதல் இடைவெளி விட்டாக வேண்டும். அப்புறம் புதுக் கருவி வாங்கி என்ன பிரயோசனம்?

அதனால்தான் ஐ.நா.வின் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ, எந்த மேம்பாடு முதலில், எது அடுத்து என்று கட்டம் கட்டமாக வகுக்கிறது. நம் பக்கத்து நாடுகளை ஒருங்கிணைப்பது அதன் பாங்காக் அலுவலகம்.

எல்லாமே தரையில் நடும் கருவியும் இல்லை. இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் உருவாக்கிய ககன் என்ற வழிகாட்டு அமைப்பு, ஜிபிஎஸ் பிழையைத் திருத்திச் செயற்கைக்கோள் வழியாக அனுப்புகிறது. 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கரில் ஓர் ஏடிஆர் ரகச் சிறிய விமானம் அதை வைத்தே இறங்கிக் காட்டியது. ஓமலூர் பக்கத்துச் சேலம் நிலையம் மாதிரி சின்ன இடங்களுக்கு இதுதான் தோது என்பேன்.

கோவைக்கு இன்னொரு சங்கதி, பக்கத்திலேயே சூலூர் விமானப்படைத் தளம். வானத்தைப் பங்கு போடுவதை ரேடார் தீர்க்காது. உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும்.