கொரியப் பையன்கள் ஏன் வலதுபக்கம் சாய்ந்தார்கள்? கேளுங்கள், சொல்கிறேன்

தென்கொரியாவில் சில வருஷம் வேலை பார்த்தவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

இருபது வயசுப் பையன்கள் எல்லோருமே வலதுசாரிக்கு ஓட்டுப் போடுகிறார்களாமே, நிஜமா அண்ணா?

எல்லோரும் இல்லை தம்பி. 2022 மார்ச் அதிபர் தேர்தல் எக்ஸிட் போலில், இருபதுகளில் இருக்கும் ஆண்களில் 58.7 சதவீதம் வலதுசாரி வேட்பாளர் யூன் சுக் யோலுக்கு. அதே வயசுப் பெண்களில் 58 சதவீதம் எதிரே நின்ற இடதுபக்கத்து லீ ஜே மியுங்குக்கு. யூன் ஜெயித்ததோ வெறும் 0.73 சதவீத வித்தியாசத்தில்.

அப்படி என்ன கோபம்?

பட்டாளம்தான். ஆண்கள் மட்டும் கட்டாயமாகப் போகணும், தரைப்படை என்றால் 18 மாதம். என்னோடு வேலை பார்த்த பையன் ஒருத்தன், திரும்பி வந்தபோது கூடப் படித்த பெண்கள் வேலையில் சேர்ந்துவிட்டதை பீர் உள்ளே போகும்போதெல்லாம் சொல்லுவான். முன்பு அரசுத் தேர்வில் பட்டாளத்துக்காரர்களுக்கு 3 முதல் 5 சதவீதம் கூடுதல் மதிப்பெண் உண்டு, அதை 1999-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. பெண்கள் கேஸ் போட்டுப் பிடுங்கிவிட்டார்கள் என்று இன்னமும் திட்டுகிறார்கள். கேஸ் போட்டவர்களில் மாற்றுத்திறனாளி ஆண் ஒருவரும் உண்டு, ஏனென்றால் பட்டாளம் அவரைச் சேர்க்காது, மதிப்பெண்ணும் கிடைக்காது. அவர் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

யூன் என்னதான் சொன்னார்?

2022 ஜனவரியில் ஃபேஸ்புக்கில் கொரிய மொழியில் ஏழே எழுத்து: பெண்கள் குடும்ப அமைச்சகம் ஒழிப்பு. அவ்வளவுதான், விளக்கம்கூடக் கிடையாது. நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை இல்லாததால் கடைசிவரை ஒழிக்க முடியவில்லை. ஒழித்திருந்தாலும் எந்தப் பையனுக்கு ஒரு நாள் பட்டாளம் குறைந்திருக்கும்? கட்டாயப் பட்டாளச் சட்டத்தை எழுதியது பெண்களா என்ன!

ஆனால் சம்பளத்தில் பின்தங்கி இருப்பது பெண்கள்தானே?

ஆமாம்மா, ஓஇசிடி என்கிற பெரும்பாலும் பணக்கார நாடுகளின் கூட்டமைப்பிலேயே பெரிய இடைவெளி அங்கேதான், சுமார் 30 சதவீதம். ஆனால் அது பெரிதாவது கல்யாணம், பிள்ளை என்று ஆன பிறகு. 22 வயசுப் பையன் கண்ணுக்கு அதெல்லாம் தெரியாது, தேர்வுக்கூடத்தில் பக்கத்து நாற்காலியில் இருக்கிற பெண்தான் தெரிவாள்.

விரல் சண்டை என்று ஏதோ படித்தேனே?

2021-ல் ஒரு கடை விளம்பரத்தில் சாசேஜை எடுக்கப் போகிற கை வரைந்திருந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி. ஆணுறுப்பு சின்னது என்று கிண்டல் பண்ணுகிறார்கள் எனப் பையன்கள் கிளம்ப, கடைக்காரர்கள் மன்னிப்பே கேட்டார்கள். சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் ஓட்டாக மாறுகிற கோபம் இப்படித்தான் தினம் தினம் சூடேறுகிறது.

யூன் ராணுவச் சட்டம் போட்டுப் பதவி இழந்தாரே, அப்புறமாவது மாறினார்களா?

2025 ஜூன் தேர்தல் எக்ஸிட் போல்படி இருபதுகளின் ஆண்களில் 37.2 சதவீதம் லீ ஜுன் சியோக், 36.9 சதவீதம் கிம் மூன் சூ. இருவருமே வலது. லீ ஜே மியுங்குக்கு 24 சதவீதம்தான். யூனை விட்டார்கள், கோபத்தை விடவில்லை.

பட்டாளச் சம்பளமாவது ஏறியதா?

2018-ல் ஒரேயடியாகக் கிட்டத்தட்ட இரட்டிப்பானது. அப்போது அதிபர் மூன் ஜே இன், இவர்கள் திட்டித் தீர்க்கிற அதே இடதுபக்கத்துக்காரர்.