தோளில் கிடக்கும் கை

மதிப்புக்குரிய ஐயா,

நான் மட்டக்களப்புக் கடற்கரையில் உள்ள நாவலடியில் பிறந்தவள். 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி கடல் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. இப்போது திராய்மடுவில் இருக்கிறோம். கடல் வந்து நான்கு நாள் கழித்து மாமா சேற்றுக்குள்ளிருந்து எங்கள் அல்பத்தை எடுத்து வந்தார். அதில் 31 படங்கள் மிஞ்சின. வருகிற தை மாதம் அம்மாவுக்கு அறுபது வயது நிறைகிறது. அதற்குள் அந்தப் படங்களை டிஜிட்டல் ஸ்கிராப்புக் ஒன்றாக, அதாவது கணினியில் அலங்கரித்துக் கோத்த அல்பமாக, வடிவமைத்து, அச்சிட்டுக் கொடுக்க ஆசைப்படுகிறேன். படங்களைத் தொலைபேசியால் எடுத்து வைத்திருக்கிறேன். பெரியப்பாவின் மகன் எங்கிருந்தோ ஒரு ஃபோட்டோஷொப்பைக் கொண்டுவந்து போட்டுத் தந்தார். காணொளிகளைப் பார்த்துப் பழகுகிறேன். லேயர் என்ற இடத்திலேயே தலை சுற்றுகிறது. தமிழில் எழுதினால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக விழுகிறது. தொடக்க நிலையில் இருப்பவர் எந்த மென்பொருளைக் கற்பது நல்லது? எவ்வளவு காலம் பிடிக்கும்?

நான் செய்த முதற்பக்கத்தை இணைத்துள்ளேன். அதில் அம்மா மாமாங்கக் கோயிலின் தீர்த்தக் குளத்தடியில் நிற்கிறார். பாதிப் படம் கரைந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர் அழிந்துபோய், அவருடைய கை மட்டும் அம்மாவின் தோளில் கிடக்கிறது. பார்க்க விகாரமாக இருக்கிறது. அந்தக் கையை அடையாளமில்லாமல் அகற்ற எந்தக் கருவி நல்லது? பழைய படங்களைப் புதிதாக்கித் தரும் ஏஐ செயலி ஒன்றும் இருக்கிறது. அதைப் பயன்படுத்தலாமா?

வாசகி, திராய்மடு

*

அன்பு மகளுக்கு,

கடிதங்களுக்குப் பதில் எழுதுவதில் நான் சோம்பேறி என்பது இத்தளத்துக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். உங்கள் கடிதத்தை அப்படி ஒதுக்கிவைக்க முடியவில்லை. நீங்கள் அனுப்பிய பக்கத்தை மூன்று நாட்களாகக் கணினியில் மூடாமல் வைத்திருக்கிறேன். காரணம் அந்தக் கைதான். அதற்கு வருமுன் சில்லறைக் கேள்விகளைத் தீர்த்துவிடுகிறேன்.

எந்த மென்பொருள் என்பதில் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. களவாக வந்த ஃபோட்டோஷொப்பை அழித்துவிட்டு, கிம்பை இறக்கிக்கொள்ளுங்கள். 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் இரண்டு மாணவர்கள் எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. அன்றுமுதல் இன்றுவரை இலவசம். அதுவும் கடினமென்றால் ஃபோட்டோபீ இருக்கிறது. நிறுவ வேண்டியதில்லை, உலாவியிலேயே திறக்கும். எவ்வளவு காலம் பிடிக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். 31 படங்களுக்கு எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவுதான். வேலை முடிகிறபோது கற்றும் முடித்திருப்பீர்கள்.

கொம்பு பிரிந்து விழுவது உங்கள் பிழையன்று. ‘கெ’ என்று நாம் தட்டும்போது கணினிக்குள் ககரம் முதலிலும் கொம்பு அதன் பின்னாலுமாகவே பதிவாகின்றன. கொம்பைத் தூக்கி எழுத்துக்கு முன்னால் நிறுத்துவது மென்பொருளின் பொறுப்பு. ஃபோட்டோஷொப்பின் பழைய பதிப்புகளில் தென்னாசிய மொழிகளுக்கான எழுத்தமைப்பை அமைப்புகளுக்குள் போய்த் தெரிவுசெய்யாவிட்டால் அது அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளாது. கிம்பில் இத்தொல்லை இல்லை. இதற்காகப் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு ஓடிவிடாதீர்கள். பாமினியில் அடித்ததெல்லாம் உள்ளே ஆங்கில எழுத்துத்தான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் அம்மாவின் பெயர் யாராலும் வாசிக்க முடியாத கிறுக்கலாகத் தெரியும்.

தொலைபேசியால் எடுத்த படங்களைத் தயவுசெய்து ஒதுக்கிவிடுங்கள். நீங்கள் அனுப்பிய பக்கத்தில் குளத்தின் படிக்கட்டுக்கு மேலே உங்கள் வீட்டுக் குழல்விளக்கின் வெளிச்சம் ஒரு கோடாக விழுந்திருக்கிறது. படம் வட்ஸ்அப்பில் ஒரு தடவை போய்வந்து இளைத்ததும் தெரிகிறது. ஸ்கேனர் வைத்திருப்பவரைத் தேடிப் போய், 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம், தரம் குறையாத டிஃப் கோப்பாக எடுத்து வாருங்கள். ஸ்கிராப்புக் செய்கிறவர்கள் வழக்கமாக வைத்துக்கொள்ளும் 12 அங்குலச் சதுரப் பக்கம் 300 டிபிஐயில் 3600 படப்புள்ளி அகலமும் 3600 உயரமும் கொண்டது. நாலுக்கு ஆறு அங்குலப் படத்தை 600 இல் ஸ்கேன் செய்தால் அதன் நீண்ட பக்கம் சரியாக 3600 புள்ளி வரும். வேண்டுமானால் பக்கத்தின் ஓரம்வரை விரிக்கலாம். அல்பத் தாளோடு ஒட்டிக்கொண்ட படங்களை உரிக்க வேண்டாம். தாளோடு சேர்த்தே கண்ணாடியில் வையுங்கள்.

இனி லேயர். பள்ளியில் இலங்கைப் படம் வரைவதற்கு நாங்கள் தாளில் தேங்காயெண்ணெய் தடவுவோம். எண்ணெய் ஊறிய தாள் கண்ணாடிபோல் ஆனதும், அதைத் தேசப்படப் புத்தகத்தின்மேல் வைத்து, மட்டக்களப்பு வாவியின் வளைவுகளைப் பென்சிலால் பின்தொடர்வோம். பிழைத்தால் எண்ணெய்த் தாளைக் கசக்கி எறிந்துவிட்டு வேறொன்றை வைப்போம். அடியில் இருக்கும் புத்தகத்துக்கு ஒன்றும் ஆகாது. லேயர் என்பது அந்த எண்ணெய்த் தாள்தான். 1994 இல் ஃபோட்டோஷொப்பின் மூன்றாம் பதிப்பில் அது வருவதற்கு முன், ஒரு படத்தின்மேல் இன்னொன்றை ஒட்டினால் ஒட்டியதுதான், கீழே இருந்தது போனதுதான். ஆகவே ஸ்கேன் செய்த படத்தை அடியில் வைத்துப் பூட்டுங்கள். அதன் பிரதி ஒன்றை மேலே வைத்து அதில் விளையாடுங்கள். ஒரு பகுதி வேண்டாமென்று தோன்றினால் அழிப்பானை எடுக்காமல் மாஸ்க் போடுங்கள். மாஸ்க்கில் கறுப்புப் பூசினால் படம் மறையும், வெள்ளை பூசினால் திரும்பி வரும். அழிப்பானால் அழித்ததோ, சேமித்து மூடிவிட்டால், திரும்பி வராது.

இந்த ஒன்றைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன். சலிப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1978 நவெம்பர் 23 ஆம் திகதி இரவு சூறாவளி அடித்தபோது எனக்குப் பதினொரு வயது. உப்போடையில் எங்கள் வீட்டுக் கூரை போனது. விடிந்தபின் அம்மா முதலில் தேடியது தகரப்பெட்டியை. பெட்டி இருந்தது, ஆனால் உள்ளே முழங்கையளவு தண்ணீர் நின்றது. அப்பா இறந்து அப்போது மூன்று வருடம். அவருடைய படம் என்று எங்களிடம் இருந்தது ஒன்றேயொன்று: சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, சாரத்தோடும் அரைக்கைச் சட்டையோடும் நிற்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். காய்ந்தபோது அதன் மேற்பரப்பு குளத்துச் சேறுபோல் வெடித்தது. மூத்த மாமா அதை நகரத்து ஸ்டூடியோ ஒன்றில் கொடுத்து, பெரிதாக்கித் திருத்தித் தரச் சொன்னார்.

ஒரு மாதம் கழித்துச் சட்டம் போட்ட படம் வந்தது. ஸ்டூடியோக்காரரின் கைத்திறனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மெல்லிய தூரிகையாலும் கூர்ப்பென்சிலாலும் வெடிப்பு ஒவ்வொன்றையும் அடைத்திருந்தார். சைக்கிளைக் காணவில்லை. அரைக்கைச் சட்டை இருந்த இடத்தில் கோட்டும் டையும் இருந்தன. அப்பா தம் வாழ்நாளில் கோட்டு அணிந்ததில்லை. அவருடைய புருவத்தில் பனைமட்டை கிழித்த ஒரு தழும்பு உண்டு. படத்தில் அது வெள்ளைக் கோடாக விழுந்திருந்தது. வெடிப்புகளோடு அதுவும் ஒரு வெடிப்பு என்று நினைத்து அதையும் அடைத்துவிட்டார்.

அம்மா படத்தை மடியில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: “நல்லாத்தான் இருக்கு. ஆனா இவர் ஆரு மனே?”

பழைய படத்தைத் திருப்பித் தரும்படி மாமா கேட்கப் போனார். அது கெட்டுப்போன படம்தானே, எறிந்துவிட்டோம் என்றார்கள். கோபப்பட முடியவில்லை, நாங்களும் அதைக் கெட்டுப்போன படம் என்று சொல்லித்தான் கொடுத்திருந்தோம். இன்றைக்கு என் அக்கா தழும்பு இடப் புருவத்தில் என்கிறாள், நான் வலப்புருவத்தில் என்கிறேன். அம்மாவும் போய்விட்டார். கோட்டு அணிந்த மனிதர் சுவரில் இருக்கிறார். அவரிடம் கேட்டுப் பயனில்லை.

உங்கள் கணினியில் இருக்கும் அந்தக் கருவியும் அந்த ஸ்டூடியோக்காரர்தான். 2002 இல் ஃபோட்டோஷொப்பின் ஏழாம் பதிப்பில் அது வந்தபோது அதற்கு ஹீலிங் பிரஷ், அதாவது குணப்படுத்தும் தூரிகை, என்று பெயர் வைத்தார்கள். பெயரைப் பாருங்கள்! அது செய்வது இதுதான்: பக்கத்திலிருக்கும் துண்டு ஒன்றை எடுத்துவந்து, நிறத்தையும் வெளிச்சத்தையும் பொருந்தவைத்து, காயத்தின்மேல் பூசிவிடுகிறது. வானத்தில் விழுந்த பூஞ்சணப் புள்ளியை எடுக்க அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். முகத்தில் கொண்டுபோய் வைத்தால், சுவரின் துண்டு ஒன்றைக் கன்னத்தில் ஒட்டிவிட்டுப் பேசாமல் இருக்கும்.

ஏஐ செயலியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. அது ஸ்டூடியோக்காரரின் பேரன். முன்பின் தெரியாத எத்தனையோ பேரின் முகங்களைப் பார்த்துப் பழகிய ஒன்று, உங்கள் அம்மாவின் மங்கிய முகத்தைக் கண்டதும், இந்த இடத்தில் வழக்கமாக எப்படிப்பட்ட கண் இருக்கும் என்று ஊகித்து ஒரு கண்ணை வைக்கிறது. கண் அழகாகத்தான் இருக்கும். அது ஊகமென்று படத்தின் எந்த மூலையிலும் எழுதியிருக்காது. ஒரு பிள்ளை தன் தாய்க்கு அறுபதாம் வயதில் கொடுப்பது வேறொருத்தியின் கண்ணையா? கடுமையாகச் சொல்கிறேன் என்று வருத்தப்படாதீர்கள். எங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

இனி, படம் கரைந்த இடத்தில் இருக்கும் கறையைப் பார்ப்போம். நீங்கள் அதைச் சரியாகப் பார்க்காமலே அதன்மேல் ரோசாப்பூக்களை ஒட்டிவிட்டீர்கள். பூக்களுக்கு வெளியே எஞ்சியிருக்கும் ஓரத்தைப் பெருப்பித்துப் பாருங்கள். படத்தின் நடுப்பகுதியில் நிறங்கள் ஒழுங்காக இருக்கின்றன. கறையை நெருங்க நெருங்கச் செம்மை ஏறுகிறது, அதற்கப்பால் மஞ்சள், அதற்கும் அப்பால் வெறும் வெள்ளை. வண்ணப் படத்தாளில் மூன்று சாயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, ஜெலட்டினில் தோய்ந்து கிடக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே நீலப்பச்சை, நடுவில் மஜெந்தா எனப்படும் செங்கருநீலம், அடியில் மஞ்சள். தண்ணீரில் ஊறி ஜெலட்டின் இளகியதும் நுண்ணுயிர்கள் மேலிருந்து தின்னத் தொடங்குகின்றன. மேற்சாயம் போன இடம் சிவக்கும், அடுத்ததும் போன இடம் மஞ்சளாகும், மூன்றும் போனால் தாள் வெளுக்கும். ஈரம் எங்கே நின்றது, எங்கே பின்வாங்கியது என்று மூன்று நிறத்தில் எழுதியிருக்கிறது. நாவலடியில் உங்கள் வீடு நின்ற இடத்தில் இன்று என்ன இருக்கிறது என்று எனக்கு நீங்கள் சொல்லத் தேவையில்லை. அந்த நாளைப் பற்றி உங்கள் வீட்டில் எஞ்சியிருக்கும் ஒரே பதிவின்மேல் பூ ஒட்டுகிறீர்களே!

கறையை அப்படியே விடச் சொல்லவில்லை. அம்மாவுக்கு அது வேதனை தரும் என்றால் மேலே ஒரு லேயரில் மூடுங்கள். அடியில் அது இருக்கட்டும். ஆனால் நீங்கள் கேட்டது அதுவல்ல, கையை அகற்ற வழி கேட்டீர்கள்.

நான் அந்தக் கையை நாலு மடங்காகப் பெருப்பித்துப் பார்த்தேன். இளம்பெண்ணின் கை. இரண்டு கண்ணாடி வளையல், ஒன்று பச்சை, மற்றது சிவப்போ, சாயம் போனதால் சிவந்ததோ தெரியவில்லை. மணிக்கட்டில் கோயில் நூல். விரல்கள் சும்மா வைத்தவைபோல் இல்லை. படமெடுக்கிறவர் தயாராகும் நேரத்தில் பக்கத்தில் நிற்பவளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறவளின் விரல்கள். உங்கள் அம்மாவின் சேலை அந்த இடத்தில் சுருங்கியிருக்கிறது, அவருடைய தலையும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கிறது. கையை எடுத்துவிட்டால் அந்தச் சுருக்கத்துக்கும் சாய்வுக்கும் காரணம் இல்லாமற்போகும். மாமாங்கத்தில் ஆடி அமாவாசைத் தீர்த்தம் என்றால் தோழிமாரும் மச்சாள்மாரும் கூட்டமாகத்தான் போவார்கள். இவள் அவர்களில் ஒருத்தியாக இருக்கலாம். நாவலடியில் அந்தத் தலைமுறையில் எத்தனை வீடுகளில் ஒரு படம்கூட எஞ்சவில்லை என்று உங்களுக்குத் தெரியும். இவளுடைய வீட்டிலும் எஞ்சியிராவிட்டால், அந்தக் கை அவளுக்கு உள்ள முழுப்படம்.

அவள் யாரென்று உங்கள் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை. ‘பக்கத்தில் நின்றவர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவிடம் கேட்கவில்லையா, மகள்? பரிசை மறைத்து வைத்து வியப்பூட்ட வேண்டுமென்ற எண்ணத்தில் கேட்காமல் விட்டிருந்தால், அந்த எண்ணத்தைக் கைவிடுங்கள். 31 படங்களையும் பாயில் பரப்பி அம்மாவோடு உட்காருங்கள். அவர் சொல்வதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். ரோசாப்பூக்கள் இருந்த இடத்தில் அந்தப் பெயரை, கொம்பும் காலும் பிரியாமல், ஒரு லேயரில் வைத்து எனக்கு அனுப்புங்கள்.

பச்சை வளையலுக்கு அடுத்தது சிவப்புத்தானா என்பதையும் அவரிடம் கேளுங்கள்.